பத்து வெள்ளியில் வாங்கிய தோட்டம்

(பாயான் பாருவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பதால் அறக்கட்டளையைப் பற்றியே பேசலாம் என்று எண்ணினேன். இந்தப் பினாங்குத் தீவில் தமிழர் நிறுவிய பழைய அறங்களில் ஒன்று ஜார்ஜ் டவுனில் இன்றும் நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1801இல் கொடுத்த நிலத்தில் காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அது. அவர் 1834இல் மறைந்தார். அடுத்து வந்த தலைமுறைகளில் சொத்துகளின் நிர்வாகம் சீர்கெட்டது. 1905இல் இந்து, முஸ்லிம் அறச்சொத்துகளுக்கென்று காலனி அரசே சட்டம் போட்டு வாரியம் அமைக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். பச்சையப்ப முதலியார் 1794இல் காலமானார். அவர் எழுதிவைத்த உயில் நீதிமன்றப் படிகளில் பல ஆண்டுகள் கிடந்தது. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் திறந்தது 1842இல். இடையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு போய்விட்டது.

இரண்டு கொடையாளர்களும் பெருமனிதர்கள். அவர்களிடம் குறை காண நான் இதைச் சொல்லவில்லை. கொடுத்தவர் கண்ணை மூடிய பின் கணக்குக் கேட்பவர் யார் என்பதே என் கேள்வி. சோறு உண்ண வந்தவனுக்கும் படிக்க வந்த பிள்ளைக்கும் அந்தச் சொத்தில் உரிமை கிடையாது. கிடைத்ததை வாங்கிக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் திரும்பிப் போகலாம். நம் அற மரபில் இது ஒரு பெரிய ஓட்டை என்று நான் கருதுகிறேன். இந்த ஓட்டையை அடைத்து ஓர் அறத்தைக் கட்டியவர் நம் நாட்டிலேயே இருந்தார். துன் வீ. தி. சம்பந்தனும் அவர் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும்தான் இன்றைய பொருள்.

கூட்டுறவுச் சங்கத்தை அறம் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். சொல்லலாம் என்பதுதான் என் வாதம். ஏன் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் மக்களைப் பற்றி. பாயான் லெப்பாஸ் கடற்கரையில் நின்றால் எதிரே தெரிவது பூலாவ் ஜெரெஜாக் தீவு. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்த நம் முன்னோர் பலருக்கு மலாயாவில் காலடி பட்ட முதல் மண் அதுதான். நோய்த்தொற்று இல்லை என்று உறுதியாகும் வரை அங்கே அடைத்துவைத்து, பிறகுதான் வெளியே விட்டார்கள். இரண்டாம் பாலத்தில் ஏறி அக்கரை இறங்கினால் பத்து காவான். இன்று தொழிற்பேட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள் கரும்பு வெட்டிய தோட்டம் அங்கே இருந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. கங்காணிகள் ஆள்பிடித்து வரும் கங்காணி முறை தொடர்ந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. காட்டை அழித்தவனுக்கும், நட்டவனுக்கும், விடியலுக்கு முன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பில் நின்று பால் மரம் வெட்டியவனுக்கும் அந்த மண்ணில் ஒரு சாண் சொந்தமில்லை.

நிலம் மட்டுமா? குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். பிள்ளை படித்த பள்ளிக்கூடமும் தோட்டத்துடையது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி தோட்டப் பள்ளிகளை நடத்தும் கடமை நிர்வாகத்திடம் இருந்தது. மருந்தகம், குடிதண்ணீர், பிள்ளை மடுவம் என்ற குழந்தைக் காப்பகம், மாரியம்மன் கோயில் நின்ற மேடு, செத்தால் புதைக்கிற காடு எல்லாமே வேலையோடு ஒட்டியவை. தோட்டம் என்பது ஒரு கிராமம். ஆனால் அந்தக் கிராமத்தில் யாருக்கும் வீட்டுப் பட்டா கிடையாது. வேலை போனால் ஊரே போயிற்று.

அப்படி ஊர்கள் போகத் தொடங்கியது 1950களில். சுதந்திரம் வரப்போகிறது என்றதும் வெளிநாட்டுக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக முனைந்தன. வாங்க வந்தவர்களில் பலர் தோட்டத்தை நடத்துவதற்காக வாங்கவில்லை. ஆயிரம், இரண்டாயிரம் ஏக்கரை மொத்தமாக வாங்கி, ஐந்து ஏக்கர் பத்து ஏக்கராக வெட்டி விற்றார்கள். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இடையே இருந்த வித்தியாசம் அவர்களுக்கு லாபம். இதைத்தான் நம் மக்கள் ‘தோட்டத் துண்டாடல்’ என்று சொன்னார்கள். கேட்டாலே அடிவயிற்றைக் கலக்கிய சொல் அது.

துண்டு வாங்கியவர் சிறுதோட்டக்காரர். தன் குடும்பத்தை வைத்தே மரம் வெட்டிக்கொள்வார், தேவைப்பட்டால் ஓரிருவரைக் கூலிக்கு வைப்பார். நூறு ஏக்கர் வரை சிறுதோட்டம் என்பது கணக்கு. அங்கே பள்ளிக்கூடமும் மருந்தகமும் நடத்த வேண்டும் என்று யாரும் அவரைக் கேட்க முடியாது. அவர் மேல் குற்றமும் இல்லை, அவரும் சேர்த்துவைத்த காசில் நிலம் வாங்கிய எளிய மனிதராக இருந்திருப்பார். நடுவில் நின்று வெட்டி விற்றவருக்கு லாபம் வந்தது. மூன்று தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தவருக்கு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தது. சட்டப்படி இதில் எந்தத் தவறும் நடக்கவில்லை என்பதுதான் கொடுமை.

இதை ஆராயும் பொறுப்பை அரசு மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் உங்கு அசிஸ் அவர்களிடம் கொடுத்தது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை அவர் குழு தோட்டம் தோட்டமாகப் பார்த்து எழுதியது. வேலையிழப்பும் வாழ்க்கைத்தரச் சரிவும் அதில் பதிவாயின. பின்னாளில் தேசிய நிலச் சட்டத்தில் ஒரு தனிப் பிரிவு சேர்ந்தது. 40 எக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பலருக்குப் பிரித்து விற்க அதற்கென்று அமைந்த வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது அந்தப் பிரிவு. ஆனால் அறிக்கை எழுதி, சட்டம் வந்து, வாரியம் கூடுவதற்குள் எத்தனை லயங்கள் காலியாயின! பேராக்கிலும் கெடாவிலும் செபராங் பிறையிலும் பிறந்த உங்களில் மூத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் சம்பந்தன் வருகிறார்.

அவர் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை அல்லர். தந்தை வீராசாமி 1896இல் மலாயாவுக்கு வந்து, சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டங்களுக்கு உடைமையாளராக உயர்ந்தவர். சம்பந்தன் 1919 ஜூன் 16ஆம் நாள் அங்கே பிறந்தார். கோல கங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்தார். பிறகு சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அங்கே காந்திய அலை அவரைப் பற்றிக்கொண்டது, காங்கிரஸ் இயக்கத்தில் சேர்ந்தார். ஊர் திரும்பியபோது கையில் தோட்டங்கள் இருந்தன, மனத்தில் காந்தி இருந்தார். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது எளிதல்ல. 1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையை நிறுவினார். விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்த அந்தத் தமிழ்ப்பள்ளி இன்றும் நடக்கிறது.

சுங்கை சிப்புட் என்றால் வரலாறு படித்தவர்களுக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். 1948 ஜூன் 16 அன்று அங்கே மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் அதிலிருந்து பிறந்தது. அன்று சம்பந்தனுக்கு 29 வயது நிறைந்த நாள். தோட்டப்புற வாழ்வு முள்வேலிக்குள் போனதையும், தொழிற்சங்கங்கள் முறிக்கப்பட்டதையும், எந்த நேரத்தில் எவன் வந்து கதவைத் தட்டுவானோ என்று மக்கள் நடுங்கியதையும் அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர். 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், மே மாதத்தில், கூட்டுறவுச் சங்கம் பிறந்தது.

1955 முதல் மலேசிய இந்திய காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் தலைவர், சுதந்திர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர், அமைச்சர் என்று அவருடைய அரசியல் வாழ்வு எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. அதை நான் விரிக்கவில்லை. துண்டாடலைக் கண்டு பதறிய ஒரே தலைவரும் அவரல்லர். பி.பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தது. சம்பந்தன் எடுத்த வழி தனியானது. தோட்டம் விற்பனைக்கு வருகிறதா, நாமே வாங்குவோம் என்றார்.

யார் இந்த ‘நாம்’? செல்வந்தர்கள் நாலு பேரைக் கூட்டி ஒரு நிதி திரட்டியிருக்கலாம். அவருக்கு அந்தச் செல்வாக்கு இருந்தது, அப்படிச் செய்திருந்தால் வேலை சீக்கிரமும் முடிந்திருக்கும். அவர் தொழிலாளியிடம் போனார். ஒரு பங்கு 100 வெள்ளி, மாதம் 10 வெள்ளி கட்டலாம் என்பது ஏற்பாடு. அன்றைய மரம் வெட்டும் தொழிலாளியின் நாட்கூலி மூன்று வெள்ளியை ஒட்டி இருந்தது. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. அந்தக் கூலியில் அரிசி, மண்ணெண்ணெய், கடைக்கணக்கு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மூன்று நாள் உழைப்பைக் கழித்து ஒரு சங்கத்தில் போடு என்று கேட்பது சாதாரணக் காரியமா?

நான் இந்த வரலாற்றில் அதிகம் தங்கி நிற்பது இந்த இடத்தில்தான். சம்பந்தனும் துணைவியார் உமாவும் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். அமைச்சர் வருகிறார் என்றால் மாலை போடக் கூடிய மக்கள், அவர் பணம் கேட்கிறார் என்றதும் தயங்கியிருப்பார்கள். தயங்க அவர்களுக்கு நியாயமும் இருந்தது. கங்காணி காலத்திலிருந்து தங்கள் காசு எங்கெங்கோ போனதைப் பார்த்த மக்கள் அவர்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தோட்டங்களில் கூட்டுறவுச் சிக்கனச் சங்கங்கள் இருந்தன. அந்தச் சேமிப்பு பெரும்பாலும் ஊருக்குத் திரும்பும் நாளுக்காகச் சேர்த்தது. தஞ்சையிலோ திருச்சியிலோ ஒரு குழி நிலம், ஒரு ஓட்டுவீடு என்பது கனவு. சம்பந்தன் அந்தக் கனவைத் திருப்பிப் போட்டார். உன் வியர்வை எந்த மண்ணில் விழுந்ததோ அந்த மண்ணை வாங்கு, கப்பலேறிப் போய் வாங்க வேண்டியதில்லை என்பதுதான் அந்தப் பத்து வெள்ளிக்குள் இருந்த செய்தி. குடியுரிமை மனுவில் கையெழுத்துப் போடுவதும் சங்கத்தில் பங்கு எடுப்பதும் ஒரே முடிவின் இரண்டு பாதிகள்.

அந்த முடிவின் கனம் 1969க்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயம் ஆனபோது, ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். ஒரு வாழ்நாள் முழுக்க இங்கே உழைத்தவர்கள், தகரப்பெட்டியோடு பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பலுக்குக் காத்து நின்றார்கள்.

முதல் தோட்டம் 1961இல் கைக்கு வந்தது. கெடாவில் புக்கிட் சிடிம். சங்கம் பிறந்து முழுதாக இரண்டாண்டு ஆவதற்குள் தொழிலாளர்களின் காசில் ஒரு தோட்டம்! மரம் அதே மரம், லயம் அதே லயம், சம்பளமும் அதே சம்பளம்தான். ஆனால் யாரும் வந்து வெளியே போ என்று சொல்ல முடியாது. இந்த ஒன்றுக்காகத்தான் பத்து வெள்ளி. சங்கம் படிப்படியாக வளர்ந்து 19 தோட்டங்கள், ஏறத்தாழ 36,500 ஏக்கர் என்ற நிலைக்கு வந்தது. சதுரக் கிலோமீட்டரில் சொன்னால் 148. நாம் உட்கார்ந்திருக்கும் இந்தப் பினாங்குத் தீவின் பரப்பில் பாதி. தீவின் பாதி அளவு நிலத்தைப் பால்வாளி தூக்கியவர்கள் தங்கள் கூலியில் வாங்கினார்கள் என்று நம் பிள்ளைகளுக்கு எந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம்?

எல்லாம் வெற்றி என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். துண்டாடப்பட்ட நிலம் லட்சக்கணக்கான ஏக்கர். சங்கம் மீட்டது அதில் ஒரு பகுதி. மீதித் தோட்டங்களின் மக்கள் புறம்போக்கில் குடிசை போட்டார்கள், நகர ஓரங்களுக்கு நகர்ந்தார்கள். சங்கத் தோட்டங்களிலும் தொழிலாளி பங்குதாரர் ஆனாரே தவிர, தோட்டத்தை நடத்தும் பயிற்சி அவருக்கு வாய்த்ததா என்பது கேட்க வேண்டிய கேள்வி. உடைமை கைமாறியது. கணக்கெழுதும் கிராணியும் வேலைவாங்கும் மண்டோரும் பெரட்டும் அப்படியே இருந்தன. கூட்டுறவு என்ற சொல்லுக்குள் இருக்கும் முழுப் பொருளையும் அந்தத் தலைமுறை எட்டவில்லை என்று நினைக்கிறேன். நிலத்தைக் காப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது.

ஆனாலும் இந்த வழியின் அருமை தெரிய வேண்டுமென்றால் அதே காலத்தில் நடந்த வேறு முயற்சிகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1951இல் இந்தியாவில் வினோபா பாவே பூதான இயக்கத்தைத் தொடங்கினார். நிலம் உள்ளவன் இல்லாதவனுக்குத் தானமாகக் கொடு என்று ஊர் ஊராக நடந்தார். புனிதமான வேண்டுகோள். கிடைத்த நிலத்தில் கணிசமான பங்கு பயிருக்கு உதவாததாகவும் வழக்கில் சிக்கியதாகவும் இருந்தது. பூதானத்தில் நடந்து தேய்ந்த கால்களுக்குச் சொந்தக்காரர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். விவசாயக் கூலிக் குடும்பங்கள் எரித்துக் கொல்லப்பட்ட 1968 கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பின் கணவரோடு நாகை வட்டாரத்துக்கே வந்து தங்கினார். 1981இல் உழுபவர் நில உரிமை இயக்கமான லாப்டியைத் தொடங்கியபோது அவர் பிடித்த வழி, பேசி விலை முடித்து, வங்கிக் கடன் பெற்று, கூலிப் பெண்களின் பெயரில் நிலத்தை வாங்குவது. நம் முன்னோர் கப்பலேறிய அதே நாகப்பட்டினத்துப் பக்கத்தில், இருபது ஆண்டுகள் கழித்து, அதே முடிவுக்கு இன்னொரு காந்தியர் வந்து சேர்ந்தார். தானமாக வந்த நிலத்தை விட, விலை கொடுத்து வாங்கிய நிலத்தில் ஏழையின் கால் உறுதியாக நிற்கிறது.

நம் நாட்டிலும் ஓர் உடன்பிறப்பு முயற்சி உண்டு. துண்டாடலை ஆராய்ந்த அதே உங்கு அசிஸ், கிராமத்து மலாய் மக்கள் ஹஜ் பயணத்துக்காக நிலத்தையும் மாட்டையும் விற்றுத் திரும்பிவந்து கடனாளி ஆவதைப் பார்த்து, சிறுகச் சிறுகச் சேமிக்கும் திட்டம் ஒன்றை 1959இல் எழுதினார். தாபோங் ஹாஜி என்று இன்று நாம் அறியும் பெரும் நிறுவனம் அதிலிருந்து முளைத்தது. ஒரே காலம், ஒரே நாடு, இரண்டு சமூகங்கள். ஏழையின் சிறு காசை மதித்த இரண்டு மனிதர்கள். இவர்கள் இருவரையும் ஒரே பாடத்தில் வைத்துப் படிப்பிக்கும் நாள் வர வேண்டும் என்பது என் ஆசை.

1973இல் சம்பந்தன் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். மனநிறைவோடு விலகவில்லை, உட்கட்சி நெருக்கடி அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது. 1979 மே 18ஆம் நாள் மறைந்தார். தந்தை விட்டுச்சென்ற சொத்தில் பெரும்பகுதி பொதுவாழ்வில் கரைந்திருந்தது. பெரும் செல்வராகத் தொடங்கி எளியவராக முடிந்த அரசியல்வாதி என்பதே இன்று அரிய செய்தி. பதவிக்கு வேறொருவர் வந்தார், அது இயல்பு. சங்கம் நின்றது. தோ புவான் உமா சம்பந்தன் அதன் தலைமைப் பொறுப்பைச் சுமந்தார். டான்ஶ்ரீ கே.ஆர். சோமசுந்தரம் நெடுங்காலம் வழிநடத்தினார். கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் எழுந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சோமசுந்தரத்தின் பெயரிலான மொழி இலக்கிய அறவாரியம் தமிழ் நூல்களுக்குப் பரிசு வழங்குகிறது. மலேசிய எழுத்தாளர்கள் கூடும் எத்தனையோ கூட்டங்கள் அந்தக் கட்டடத்தின் அரங்கில்தான் நடக்கின்றன. மரம் வெட்டியவரின் பத்து வெள்ளி, அவர் பேரப்பிள்ளை எழுதிய நாவலுக்குப் பரிசாக வருகிறது.

இப்போது தொடக்கத்தில் வைத்த வாதத்துக்கு வருகிறேன். சம்பந்தன் கொடுத்தது என்ன? இங்கே அவர் பணம் போட்டு ஓர் அறக்கட்டளையை நிறுவவில்லை. அவர் கொடுத்தது தன் பெயரின் மேல் மக்கள் வைத்த நம்பிக்கையை. அந்த நம்பிக்கையைப் பிணையாக வைத்துப் பத்து வெள்ளியை வாங்கி, ரசீது கொடுத்து, அவர்களையே உரிமையாளர் ஆக்கினார். கூட்டுறவுச் சட்டத்தில் ஒருவருக்கு ஒரு வாக்கு, எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரே வாக்கு. கொடையாளரைப் பார்த்துக் கைகூப்ப வேண்டிய இடத்தில், எழுந்து நின்று கணக்கு எங்கே என்று கேட்கும் உரிமையை அது ஏழைக்குக் கொடுத்தது. நன்றிக்கடன் இல்லாத உதவி. இதைவிட உயர்ந்த அறம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் உரிமை என்பது பயன்படுத்தினால்தான் உரிமை. பாயான் பாரு 1970களில் எழுந்த புதுநகர். பாயான் லெப்பாஸில் 1972இல் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியபின், தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்தவர்களில் தோட்டப்புறத்துப் பிள்ளைகளும் உண்டு. ஆகவே இந்த அரங்கில் இருப்பவர்களில் சிலருடைய பெற்றோரோ தாத்தா பாட்டியோ அந்தச் சங்கத்தின் உறுப்பினர்களாக இருந்திருப்பார்கள். வீட்டில் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். உறுப்பினர் புத்தகமோ பங்குச் சான்றிதழோ இருந்தால், அது யார் பெயரில் இருக்கிறது, வாரிசு நியமனம் செய்திருக்கிறதா என்று விசாரியுங்கள். பெற்றவர் உயிரோடிருந்தால் இப்போதே நியமனத்தைப் பதிந்துவிடுங்கள். மறைந்திருந்தால் இறப்புச் சான்றிதழோடு போய்க் கேளுங்கள். தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். ஆண்டுக் கூட்டத்துக்கும், பேராளர் தேர்தலுக்கும் உறுப்பினர் என்ற முறையில் போங்கள். ஆண்டறிக்கையை வாங்கி வரவு செலவைப் படியுங்கள். எந்தத் தோட்டத்தில் எவ்வளவு விளைந்தது, எந்த நிலத்தை விற்கலாம் என்கிறார்கள், ஏன் விற்கிறார்கள், அந்தத் தோட்டத்தில் இன்னும் குடியிருக்கும் குடும்பங்களுக்கு வீடு என்னவாயிற்று என்று மரியாதையாக, விடாமல் கேளுங்கள். புரியாத கணக்கைப் புரியவைக்க நம் பிள்ளைகளில் எத்தனையோ கணக்காய்வாளர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் கையோடு அழைத்துப் போங்கள்.